படத்தில் கிடப்பது எந்த விமானம்?

சென்ற இதழில் பழைய போர்க்கால விமானப் படங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம், சேலையூர் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. நம் பரண்களில் இத்தனை ஆல்பங்களா என்று மலைத்துப்போனேன். ஆகவே இம்முறை பக்கம் முழுக்க உடைந்த விமானங்களுக்கே.

கே: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் சிப்பாயாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு படம் கிடைத்தது. மணலில் வயிறு பதியக் கிடக்கிற விமானம், வாலில் ஸ்வஸ்திகா. பின்புறம் பென்சிலில் ‘ஆப்பிரிக்கா’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். இது எந்த விமானம் என்று சொல்ல முடியுமா?
— ஒரு பேத்தி, பழைய பல்லாவரம்

ப: பாதி தூரம் வரை இப்போதே சொல்லலாம், அம்மா. தாத்தா எழுதிவைத்த அந்த ஒரு சொல்லே பெரிய உபகாரம். மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனி, 4-வது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தது. கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் சாப்பர்களின் வேலை. எதிரி விட்டுப்போன இடத்தில் முதலில் கால் வைக்கிறவர்கள் அவர்கள்தான். அப்படி விட்டுப்போன இடங்களில் விமானத் தளங்களும் உண்டு.

இப்போது படத்துக்கு வருவோம். மூக்கு ஒடுங்கி நீண்டிருக்கிறது, ஒரே எஞ்சின். மூக்கின் இடப்பக்கம் உருளை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறதே, அது எஞ்சினுக்குள் மணல் போகாமல் தடுக்கும் வடிகட்டி. வால் பக்கம் உடம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை. மத்தியதரைக் கடல் வட்டாரத்தில் பறந்த ஜெர்மன் விமானங்களின் அடையாளம் அது. மூன்றையும் சேர்த்தால் பாலைவனத்துக்கென்று மாற்றிய மெசர்ஷ்மிட் 109. இன்னும் ஒரு படி போகலாம். இறக்கை நுனி வளைந்திருக்கிறது; வாலின் குறுக்குச் சிறகுக்குக் கீழே முட்டுக் கம்பி இல்லை. 109-ன் ‘ஈ’ ரகத்தில் நுனி சதுரமாக வெட்டினாற்போல் இருக்கும், முட்டுக் கம்பியும் இருக்கும். ஆகவே உங்கள் படத்தில் இருப்பது அதற்குப் பின்னால் வந்த ‘எஃப்’ அல்லது ‘ஜி’ ரகம்.

அதற்கு மேல் போக விடாமல் ஒரு சிப்பாய் விமானத்தின் எண்ணுக்கு முன்னால் கை கட்டிக்கொண்டு நிற்கிறார்! ஒரு விமானத்தின் முன்னால் நின்றவர்கள் ஒரு படத்தோடு விடுவது அபூர்வம். தாத்தாவோடு இருந்தவர்களின் வீடுகளில் கேளுங்கள். அந்தச் சிப்பாய் நகர்ந்து நிற்கும் இன்னொரு படம் எங்காவது இருக்கக்கூடும்.

கே: எண் கிடைத்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப்போகிறது?
— ஓய்வுபெற்ற தபால்காரர், பம்மல்

ப: விலாசத்தின் அருமை உங்களுக்குத் தெரியாதா, ஐயா! ஜெர்மன் விமானங்களில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று உடம்பில் பெரிதாக எழுதியது. படைப்பிரிவைச் சொல்லும், விமானம் கைமாறினால் இதுவும் மாறும். மற்றொன்று தொழிற்சாலை கொடுத்த வெர்க்நும்மர். பெரும்பாலும் வாலில் சின்னதாக எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து சாகும்வரை மாறாது.

குண்டுவீச்சு விமானம் என்றால் கறுப்பு வெள்ளைக் குறுக்குச் சின்னத்துக்கு இடப்பக்கம் இரண்டு குறிகள், வலப்பக்கம் இரண்டு எழுத்துகள். இடப்பக்கம் இருப்பது பெரிய படைப்பிரிவு. ‘எஃப்8’ என்றால் 40-வது குண்டுவீச்சுப் படைப்பிரிவு. வலப்பக்கத்து முதல் எழுத்து அந்தத் தனி விமானத்துக்கு உரியது. கடைசி எழுத்து அது எந்தச் சிறு பிரிவு என்று சொல்லும். ‘எச்’ முதலாவது, ‘கே’ இரண்டாவது, ‘எல்’ மூன்றாவது. சண்டை விமானங்களில் எழுத்துக்குப் பதில் எண். அந்த எண்ணின் நிறம்தான் பிரிவைச் சொல்லும்: வெள்ளை, சிவப்பு அல்லது கறுப்பு, மஞ்சள்.

இவற்றை எடுத்துக்கொண்டு இழப்புப் பட்டியலுக்குப் போகவேண்டும். ஜெர்மன் விமானப்படையின் தளவாடத் தலைமையகம் ஒவ்வொரு சேதத்தையும் தேதி, பிரிவு, ரகம், வெர்க்நும்மர், இடம், விமானியின் பெயர் என்று வரிவரியாக எழுதிவைத்தது. சேதம் எத்தனை சதவீதம் என்றும் போட்டார்கள். 60-க்கு மேல் போனால் அந்த விமானம் மறுபடி பறக்காது. 100 என்றால் ஒன்றும் மிஞ்சவில்லை. 1944 முதலான தாள்கள் பல காணாமல்போய்விட்டன என்பது மனத்தை உறுத்துகிற நஷ்டம். அந்த ஆண்டுகளில் விழுந்தவர்களுக்குப் படங்கள்தான் பல நேரம் ஒரே சாட்சி.

ஒரு வெர்க்நும்மர் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம்: 10639. மெசர்ஷ்மிட் 109, ‘ஜி’ ரகம், கறுப்பு 6. லிபியாவில் கம்புட் என்ற தளத்தில் 1942 நவம்பரில் ஜெர்மானியர் விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் 3-வது ஸ்குவாட்ரன்காரர்கள் அதைக் கண்டெடுத்துப் பறக்கவைத்தார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டு, 1991 மார்ச்சில் மறுபடி வானத்தில் ஏற்றினார்கள். 1997-ல் டக்ஸ்ஃபோர்டில் இறங்கும்போது கவிழ்ந்தது. இன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் சொத்து. இத்தனை கை மாறியும் அது இன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கே: எண்ணின் நிறம்தான் பிரிவைச் சொல்லும் என்றால், கறுப்பு வெள்ளைப் படத்தில் மஞ்சளையும் சிவப்பையும் எப்படிப் பிரிப்பது?
— ஸ்டுடியோ உரிமையாளர், குரோம்பேட்டை

ப: தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. ஃபிலிமைப் பொறுத்தது. ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, கறுப்பாக விழும். மஞ்சளும் இருண்டுபோகும், நீலம் வெளுத்துப்போகும். பான்குரோமாட்டிக் ஃபிலிமில் மஞ்சள் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாக நிற்கும். ஒரே விமானத்தை இரண்டு பேர் இரண்டு ஃபிலிமில் எடுத்தால் இரண்டு விமானம் என்றே சத்தியம் செய்வோம். ஆகையால் படத்தில் நிறம் நிச்சயமாகத் தெரிந்த பொருள் ஒன்றை முதலில் தேடவேண்டும். ஜெர்மன் விமானங்களில் எரிபொருள் மூடிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று இருக்கும். அந்த முக்கோணம் படத்தில் எப்படி விழுந்திருக்கிறதோ, அதை வைத்து எண்ணின் நிறத்தை எடைபோடலாம்.

கே: இப்போதுதான் கம்ப்யூட்டரே வண்ணம் பூசித் தருகிறதே?
— கல்லூரி மாணவர், சிட்லபாக்கம்

ப: பூசித் தரும். அது பார்த்த வண்ணம் அல்ல, ஊகித்த வண்ணம். வண்ணம் ஏறிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், தம்பி. சாட்சி போய்விடும்.

கே: என்னிடம் இருக்கும் படத்தில் வர்ணமும் இல்லை, எண்ணும் இல்லை. எரிந்த எலும்புக்கூடு மட்டும்தான். விட்டுவிட வேண்டியதுதானா?
— கோயில் கைங்கரியக்காரர், திருநீர்மலை

ப: நம் ஊர்க்காரர் இப்படிக் கேட்கலாமா, சுவாமி? கீழே நீர்வண்ணர் நின்ற கோலம். மலையேறினால் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். அலங்காரம் தினம் மாறுகிறது. கோலத்தைப் பார்த்துத்தானே எந்தச் சந்நிதி என்று சொல்கிறோம்? விமானத்துக்கும் வர்ணமும் எண்ணும் அலங்காரம். உலோகத்தின் உருவம்தான் கோலம்.

எரிந்த உடம்பிலும் சில கோலங்கள் அழியாது. உள்ளங்கையளவு தகடு மிஞ்சியிருந்தாலும் அது நெளிநெளியாக இருந்தால் யுங்கர்ஸ் 52 என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். மூன்று எஞ்சின் போட்ட அந்தச் சரக்கு விமானத்தின் தோலே அப்படி. இறக்கை முதலில் கீழே இறங்கி, பிறகு மேலே வளைந்து போனால் யுங்கர்ஸ் 87, ஸ்டூகா என்று உலகமே பயந்தது. கண்ணாடி மூக்கு ஒரு பக்கமாகக் கோணலாக இருந்தால் ஹைன்கெல் 111. மூக்கில் பட்டை தீட்டினாற்போல் சிறுசிறு கண்ணாடிகள், வயிற்றில் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் விலகித் தொங்கும் துப்பாக்கிக் கூடு என்றால் யுங்கர்ஸ் 88.

சண்டை விமானங்களில் சக்கரக் கால்களைப் பாருங்கள். மெசர்ஷ்மிட் 109-க்குக் கால்கள் உடம்போடு ஒட்டி முளைத்து, வெளிப்பக்கமாக மடங்கும். நின்றால் ஒடுங்கி நிற்கும். ஃபோக்கே-வுல்ஃப் 190-க்குக் கால்கள் அகன்று நின்று, உள்பக்கமாக மடங்கும். அதன் மூக்கும் பருமன். உள்ளே 14 சிலிண்டர் கொண்ட வட்ட எஞ்சின், அதைக் குளிர்விக்க முன்னால் 12 இதழ் விசிறி. அந்த விசிறி கிடந்தால் மற்றது எல்லாம் சாம்பலானாலும் கவலையில்லை.

கே: மடங்கிய புரொப்பெல்லரைப் பார்த்தே விமானம் எப்படி விழுந்தது என்று சொல்லிவிடலாமாமே?
— மெக்கானிக், அனகாபுத்தூர்

ப: கொஞ்சம் சொல்லலாம். உலோக இதழ்கள் எல்லாம் ஒரே மாதிரி மடங்கியிருந்தால் தரையைத் தொடும்போது எஞ்சின் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மட்டும் மடங்கி மற்றது நிமிர்ந்து நின்றால் எஞ்சின் முன்பே நின்றுபோயிருந்தது. மர இதழ்கள் மடங்காது, அடியோடு சிதறும். இதைத் தாண்டி ‘சுடப்பட்டு விழுந்தது’, ‘விமானி தப்பினார்’ என்று கதை கட்டுவதற்குப் படம் இடம் தராது.

கே: வலது, இடது என்று சொல்கிறீர்களே, படமே தலைகீழாக அச்சாகியிருந்தால்?
— ஓவிய ஆசிரியை, பொழிச்சலூர்

ப: தலைகீழ் என்றால் உடனே தெரியும். இடவலம் மாறி அச்சானால்தான் ஆபத்து. நெகட்டிவைத் திருப்பிப்போட்டு அச்சடித்த படங்கள் ஏராளம், அச்சான புத்தகங்களிலும் உண்டு. எழுத்து இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் உடம்பு காட்டிக்கொடுக்கும்: மெசர்ஷ்மிட் 109-க்கு எஞ்சின் காற்றை உறிஞ்சும் துளை இடப்பக்கம்தான். வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சிப்பாய்களின் சட்டைப் பித்தானையும் பாருங்கள், அம்மா. ஆண்பிள்ளைச் சட்டை எந்தப் பக்கம் மூடும் என்று உங்களுக்குத் தெரியாததா!

கே: எங்கள் பாட்டி, சண்டைக் காலத்தில் ஒரு ஜெர்மன் விமானம் நம் பக்கத்து ஏரியில் விழுந்தது என்று சொல்லுவார். உண்மையா?
— ஆட்டோ ஓட்டுநர், மேற்குத் தாம்பரம்

ப: விமானம் விழுந்திருக்கலாம். ஜெர்மன் விமானமாக இருக்க வழியில்லை. மெட்ராஸைத் தாக்கிய ஜெர்மானியர் 1914 செப்டம்பர் 22 இரவு கப்பலில் வந்தார்கள். எம்டன் கப்பல் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது. இரண்டாம் உலகப் போரில் நம் கரைக்கு வந்த ஆபத்து ஜப்பானிலிருந்து: 1942 ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 திருகோணமலை. அந்தப் பீதியில்தான் மெட்ராஸே காலியானது.

ஆனால் பாட்டியைப் பொய் சொன்னவராக்கிவிட வேண்டாம். பரங்கிமலைத் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானங்கள் பறந்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று மாகாணம் முழுக்க ஓடுபாதைகள் போட்டார்கள். பயிற்சியில் விழுவது அன்றாடம் நடக்கிற காலம் அது. போர் முடிந்த பிறகும் 1954-ல் விமானப் பயிற்றுநர் பள்ளி தாம்பரத்துக்கு வந்தது; அதிலிருந்து நம் தலைக்கு மேல் பயிற்சி விமானங்கள் ஓய்ந்ததே இல்லை. பாட்டி எந்த ஆண்டு என்று சொன்னாரா? அவருக்கு அப்போது என்ன வயது, கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டால் ஆண்டைப் பிடித்துவிடலாம்.

கே: கொழும்பில் 1942-ல் விழுந்த விமானம் என்று ஒரு படத்தைச் சித்தப்பா வைத்திருக்கிறார். சக்கரங்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ‘ஸ்டூகா’ என்று தலைப்பு. கொழும்புக்கு ஸ்டூகா எப்படி வந்தது?
— யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், செம்பாக்கம்

ப: வரவில்லை. தலைப்பு எழுதியவர் மடங்காத சக்கரத்தைப் பார்த்ததும் ஸ்டூகா என்று முடிவு கட்டிவிட்டார். ஜப்பானின் ஐச்சி 99 என்ற குண்டுவீச்சு விமானத்துக்கும் சக்கரம் மடங்காது. கொழும்பைத் தாக்கியவற்றில் அதுவும் உண்டு. இறக்கையைப் பாருங்கள்: ஸ்டூகாவுக்கு முறிந்து வளைந்த இறக்கை, ஐச்சிக்கு நுனி நோக்கி அழகாகக் குறுகும் நீள்வட்ட இறக்கை. அந்த நீள்வட்டத்தில் ஒரு ஜெர்மன் சாயல் இருப்பது உண்மைதான். ஹைன்கெல் 70 என்ற விமானத்தின் இறக்கையைப் பின்பற்றியது. ஆக, சித்தப்பாவின் படத்தில் ஜெர்மனியின் கை இருக்கிறது, ஜெர்மன் விமானம் இல்லை. தலைப்பைக் கடைசியாகப் படிக்கவேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கே: போர்க்கால ஜெர்மன் விமானத்துக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா?
— பொறியியல் மாணவி, குரோம்பேட்டை

ப: நீங்கள் தினமும் ரயிலிறங்கும் இடத்திலேயே இருக்கிறது! சி. ராஜம் குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர்களில் குர்ட் டாங்க் ஒருவர் என்று அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர் அவர்தான். 1939-ல் முதன்முதல் பறந்த அந்த விமானம் போர் முடியும்வரை நேசநாட்டு விமானிகளின் தூக்கத்தைக் கெடுத்தது. போருக்குப் பிறகு டாங்க் அர்ஜென்டினா போனார், அங்கிருந்து இந்தியா வந்தார். பெங்களூர் எச்.ஏ.எல்.லில் அவர் தலைமையில் உருவான எச்எஃப்-24 மாருத், 1961 ஜூன் 17 அன்று பறந்தது. இந்தியாவில் வடிவமைத்த முதல் ஜெட் சண்டை விமானம். அதில் ஒன்று இன்று ஜெர்மனியில் ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

கலாம் இன்னொன்றும் எழுதுகிறார், எனக்கு அதுதான் அதிகம் மனத்தில் தங்கியது. அதே கல்லூரியில் ஸ்பாண்டர் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர் இருந்தார். போரின்போது நாஜிகளிடம் பிடிபட்டு வதைமுகாமில் கிடந்தவர். ஜெர்மானியர் என்றாலே அவருக்குக் கசப்பு. விமானவியல் துறைக்குத் தலைவராக இருந்த வால்டர் ரெபென்தின் ஒரு ஜெர்மானியர். வதைபட்டவரும், வதைத்த தேசத்துக்காரரும், அந்தத் தேசத்துக்குச் சண்டை விமானம் வரைந்து தந்தவரும் குரோம்பேட்டையில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். கல்லூரியில் செயல்விளக்கத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் ராமேசுவரத்துப் பையனை விமானத் துறைக்கு இழுத்தன. பழைய விமானத்தை எதற்குப் பார்க்கவேண்டும் என்று இனி யாரும் உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

கே: உடைத்துப் போட்ட விமானத்தை மறுபடி பறக்கவைக்க முடியுமா? சினிமாவில் மட்டும்தானா?
— காயலான் கடைக்காரர், பம்மல்

ப: நம் நாட்டிலேயே நடந்தது. போர் முடிந்து பிரிட்டிஷார் போகும்போது கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாருக்கும் பயன்படக்கூடாது என்று வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். எச்.ஏ.எல். ஆட்கள் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டுபோய் 40-க்கும் மேற்பட்டவற்றை உயிர்ப்பித்தார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை பறக்கவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர் நாம் கொடுத்தது!

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அலுமினியத் தகட்டில் எண் குத்தியிருந்தால் உருக்குவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஜெர்மன் பாகங்களில் விமான ரகமே பாக எண்ணில் இருக்கும். 109 என்று தொடங்கும் எண் மெசர்ஷ்மிட்டைக் காட்டும். பிரிட்டிஷ், இந்தியத் தகடுகளிலும் எண் உண்டு. எந்த விமானம் உங்கள் கடைக்கு வந்துசேர்ந்தது என்பதற்கு உலகத்திலேயே அது ஒன்றுதான் சாட்சியாக இருக்கலாம்.

கே: தாம்பரத்திலிருந்து கிளம்பிக் காணாமல்போன விமானத்தைப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாமே? உங்கள் பழைய படக் கலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர், சேலையூர்

ப: முறை ஒன்றேதான், ஐயா. 2016 ஜூலை 22 காலை, 29 பேருடன் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32, எண் கே-2743, வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. ஏழரை ஆண்டுக்குப் பிறகு, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது: சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் கிடக்கின்றன.

கண்டுபிடித்தது நம் பள்ளிக்கரணையில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். ஆளில்லாமல் தானே நீந்தும் கலம் ஒன்றை, விமானம் கடைசியாகத் தெரிந்த இடத்தில் இறக்கினார்கள். அந்த ஆழத்தில் வெளிச்சம் கிடையாது; ஆகவே முதலில் ஒலி. சோனார் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும். உலோகம் பளிச்சென்று தெரியும். அதற்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் கறுப்பு நிழலாக விழும். நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். பிறகு பக்கத்தில் போய் விளக்கடித்துப் புகைப்படம்.

அடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதலில் வகை: படங்களை ஆராய்ந்து, ஏஎன்-32 விமானத்தோடு ஒத்துப்போகின்றன என்றார்கள். மேல் பொருத்திய இறக்கை, அதற்கும் மேலே உயர்த்திவைத்த இரண்டு பெரிய எஞ்சின்கள் என்று அந்த விமானத்துக்கே உரிய கோலம் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்து தனி விமானம்: அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல்போனதாகப் பதிவு இல்லை, ஆகவே இது கே-2743 ஆக இருக்கக்கூடும் என்றார்கள். ‘ஆக இருக்கக்கூடும்’ என்ற அந்த அளவைத் தாண்டவில்லை. உலோகம் ஒரு சாட்சி, ஏடு ஒரு சாட்சி. இரண்டும் சேர்ந்தால்தான் தீர்ப்பு. பாலைவனத்து மெசர்ஷ்மிட்டுக்கும் இதே நியாயம்தான்.

29 குடும்பங்கள் ஏழரை ஆண்டு விழுந்த இடம்கூடத் தெரியாமல் இருந்தன. ஜெர்மனியிலும் இன்றுவரை அப்படி இருக்கும் குடும்பங்கள் உண்டு. யுத்தத்தில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாஜிகளின் பக்கம் நியாயம் இல்லை. ஆனாலும் எங்கே விழுந்தான் என்று கேட்கும் ஒரு தாய்க்குப் பதில் சொல்லியாகவேண்டும்.

கே: ஜெர்மனியில் வடிவமைத்த விமானம் ஒன்றும் நம் கடலில்தானே விழுந்தது?
— மீனவர் சங்கத்துக்காரர், கோவளம்

ப: ஆமாம். கடலோரக் காவல்படையின் டோர்னியர், 2015 ஜூன் 8 இரவு, மூன்று பேருடன். மெசர்ஷ்மிட் காலத்தில் குண்டுவீச்சு விமானம் செய்த டோர்னியர் கம்பெனியின் பிற்கால வடிவம். கட்டியது கான்பூர் எச்.ஏ.எல். ஒரு மாதத்துக்குப் பிறகு கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கடலில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அதன் கறுப்புப் பெட்டியையும் எடுத்தார்கள். ஆழம் குறைவு. அதனால் ஏழரை ஆண்டு காக்கவேண்டியிருக்கவில்லை.

கே: படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் போதுமா?
— பல பேர், பல ஊர்

ப: போதாது. வாட்ஸப் படத்தை நசுக்கிவிடும். வாலில் இருக்கும் சின்ன எண் முதலில் அழியும். 1,200 டிபிஐயில் ஸ்கேன் செய்து ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், மூலையில் தெரியும் கூடாரமோ மலையோ இடத்தைச் சொல்லும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஆக்ஃபா லூபெக்ஸ் என்று காகிதத்தின் பெயர் அச்சாகியிருந்தால் அது ஜெர்மன் காகிதம். ஒரு ஜெர்மானியச் சிப்பாயின் பையிலிருந்து உங்கள் தாத்தா கைக்கு வந்த படமாக இருக்கலாம். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பேனாவால் எதையும் எழுதவே வேண்டாம்.

படைப்பிரிவு தெரிந்தவர்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளைத் தேடலாம். ஜெர்மன் பக்கத்துக்கு ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகம். சாப்பர்ஸ் குடும்பத்தார் முதலில் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் விசாரியுங்கள்.

கே: எனக்கு 12 வயது. எனக்கும் விமானம் அடையாளம் கண்டுபிடிக்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?
— ஏழாம் வகுப்பு, திருநீர்மலை

ப: தலைக்கு மேலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவோடு மலைப்படி ஏறி, மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்களைப் பார். இறக்கை உடம்புக்கு மேலே இருந்து புரொப்பெல்லர் சுற்றினால் ஏடிஆர். இறக்கை கீழே இருந்து இரண்டு ஜெட் எஞ்சின் என்றால் ஏர்பஸ் 320 ஆகவோ போயிங் 737 ஆகவோ இருக்கலாம். வால் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு முடக்கு தெரிந்தால் 737. மேலே ஏறிப்போகும்போது வயிற்றைப் பார். 737-க்குப் பெரிய சக்கரங்கள் மூடியில்லாமல் இரண்டு கறுப்பு வட்டமாகத் தெரியும், 320-க்குத் தெரியாது. வாலில் எழுதிய கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் சொல்லப் பழகு. போர்க்காலத்திலும் இப்படித்தான் வெறும் கறுப்பு நிழலுருவம் அச்சிட்ட அட்டைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒரு மாதம் தப்பில்லாமல் சொல்ல வந்துவிட்டால் எனக்கு எழுது, பாலைவனத்துப் படம் ஒன்று அனுப்பிவைக்கிறேன். தலைப்பை மறைத்துத்தான் அனுப்புவேன்.